கரைக்கும் பனிக்கும் நடுவே பன்னிரண்டடி

வசந்த விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடச் சாப்பாட்டு அறையில் ரினே மசித்த உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஏழு வயது மகள் பிரென்னா தட்டோடு வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற பெண், நாங்கள் விமானத்தில் ஃப்ளோரிடா போகிறோம் என்றாள். பின்னால் நின்றவள், எங்கள் ஓட்டலுக்குள்ளேயே நீச்சல்குளமும் சறுக்குக் குழாயும் இருக்கிறதாக்கும் என்றாள்.

"நீ எங்க போற பிரென்னா?"

"நாங்க ஏரி மேல ஒரு வீட்டுக்குப் போறோம். மூணு நாளு. வீட்டுத் தரையிலயே ஓட்டை இருக்கும். படுத்துக்கிட்டே மீன் பிடிக்கலாம்."

"எந்த ஏரி? நம்ம ஊர் ஏரியா?" அந்தப் பெண் சிரித்தாள்.

"நம்ம ஊர்தான். அதுக்கென்ன?"

ரினேயின் கரண்டி பாத்திரத்திலேயே நின்றுவிட்டது. அது அவளுக்கே புதுச் செய்தி.

ரினேக்கு முப்பத்திரண்டு வயது. அம்மா படுத்த படுக்கையாகி, மூன்று தம்பிகளும் பசியோடு நின்றபோது பதினாறு வயதில் படிப்பை விட்டவள். விட்ட அதே பள்ளிக்கூடத்துக்குச் சில வருடம் கழித்துச் சமையலறைக் கதவு வழியாகத் திரும்பி வந்தாள். வாயைத் திறந்தால் ஏதாவது தப்பாக வந்துவிடும் என்கிற பயம் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்டது. அதனால் பார்த்துக்கொண்டே இருப்பாள். எந்தப் பிள்ளை காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருக்கிறது என்பது தட்டை நீட்டுகிற கையிலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் சொல்லமாட்டாள். இன்னொரு கரண்டி அதிகம் வைப்பாள், அவ்வளவுதான்.

அவள் கணவன் கோரி மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். வடக்கு மினசோட்டாவில் வசந்தம் வந்தால் அவனுக்கு வேலை போய்விடும். மண்ணுக்குள் உறைந்திருந்த பனி இளகிச் சாலைகள் பொதபொதவென்று ஆகும். பாரவண்டி எதுவும் ஓடக் கூடாது என்று பலகை வைத்துவிடுவார்கள். ஆறு வாரமோ எட்டு வாரமோ, லாரி வீட்டு வாசலில் நிற்கும். கோரி அதைச் சுற்றிச் சுற்றி வந்து, பழுதாகாததையெல்லாம் பழுது பார்ப்பான். ராத்திரிச் சாப்பாட்டில் யார் முகத்தையும் பார்க்கமாட்டான்.

அன்றைக்கு மட்டும் பார்த்தான்.

"நம்ம மீன்வீட்டை ஏரிக்கு இழுத்துட்டுப் போறோம். செவ்வாய்க்கிழமை காலையில. எட்டு மைல்தான். பிளேனும் வேணாம் கீனும் வேணாம்."

மீன்வீடு என்பது சக்கரம் வைத்த சின்ன அறை. இரண்டடுக்குக் கட்டில், ஒரு அடுப்பு, தரையில் மூடி போட்ட நான்கு ஓட்டைகள். குளிர்காலம் முழுக்க உறைந்த ஏரி மேல் அப்படி நூறு வீடாவது நிற்கும். மார்ச் நடுவில் ஆளில்லாத வீடுகளையெல்லாம் கரைக்கு எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். உள்ளே ஆள் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். இது மார்ச் கடைசி.

"ஐஸ் இன்னும் நல்லா இருக்கா?" என்று ரினே கேட்டாள்.

"ரெண்டடி கனம். யானையே நடக்கலாம்."

"யானையா! அப்பா, யானை வருமா?" என்றான் நாலு வயது கேலப்.

"வந்தா உன் பக்கத்துல படுக்க வைக்கிறேன்டா."

பிள்ளைகள் இரண்டும் மேசையைத் தட்டிச் சிரித்தன. கோரியும் சிரித்தான். பலகை வைத்த நாளிலிருந்து அவன் சிரித்து ரினே பார்க்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமையே தலைக்கு மேல் வாத்துக்கூட்டம் வடக்கே போனதையும், தேவாலயத்துக் கூரையிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டியதையும் சொல்ல நினைத்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மூட்டை கட்டும்போது, கொட்டகையில் தொங்கிய, படகில் போகும்போது பிள்ளைகள் போடுகிற மிதவைச் சட்டைகளை எடுத்தாள். ஐஸ் மேல் போகிறவர்கள் யாராவது இதைக் கொண்டுபோவார்களா, கோரி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான் என்று தோன்றியது. மறுபடி ஆணியிலேயே மாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமலும், பிக்கப் வண்டிக்குப் பின்னால் மீன்வீட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். வழியில் டுவேன் கிழவரின் தூண்டில் கடையில், முள்ளில் கோக்கச் சின்ன மீன் வாங்க நின்றார்கள். கேலப்புக்கு ஒன்றுக்கு வருகிறது என்றதால் ரினேயும் உள்ளே போனாள்.

டுவேன் தொட்டியிலிருந்து மீனை வலையால் அள்ளிக்கொண்டே ஜன்னல் வழியாக மீன்வீட்டைப் பார்த்தார்.

"குடும்பத்தோட கிளம்பியாச்சு போல."

"ஆமா டுவேன். மூணு நாள் லீவு. எப்படியிருக்கு ஏரி?"

"ம்... காலையில பரவாயில்ல. நான் என் வீட்டைப் போன வாரமே இழுத்துட்டேன். ஆனா நான் கிழவன், எனக்கு எல்லாத்துக்கும் பயம்."

"உங்களுக்கா பயம்? உங்களைப் பார்த்து மீன்தான் பயப்படணும்."

டுவேன் சிரிக்கவில்லை. மீன்பையை முடிந்தார். "கரையோரம்தான் கொஞ்சம் இளகுது. பின்னால ரெண்டு நீளப் பலகை கிடக்கு. வேணும்னா வண்டியில போட்டுட்டுப் போ. நடுவுல தண்ணி விட்டா மேல போட்டுத் தாண்டலாம்."

"அய்யோ, வேணாம் டுவேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"சும்மாதான கிடக்கு. எடுத்துக்கயேன்."

"இல்ல இல்ல, இருக்கட்டும்."

அந்தப் பக்கத்தில் எதையும் கொடுத்தவுடன் வாங்கிக்கொள்வது பேராசை. முதல் தடவையும் இரண்டாம் தடவையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை சொன்னால், "சரி, நீங்க இவ்வளவு சொல்றதால" என்று எடுத்துக்கொள்ளலாம். காப்பிக்கும் அப்படித்தான், ஒரு துண்டு கேக்குக்கும் அப்படித்தான். கோரி வாங்கிக்கொள்ளத்தான் நினைத்தான். பலகை தூக்குவதற்காக அவன் கை அதற்குள் கையுறையை மாட்டிக்கொண்டிருந்ததை ரினே பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கடை டெலிபோன் அடித்தது. டுவேன் எடுத்து யாரிடமோ புழு விலை பேச ஆரம்பித்தார். கோரி ஒரு நிமிடம் நின்றான். ரொட்டி அலமாரியைப் பார்த்தான். இன்னொரு நிமிடம் நின்றான். பிறகு கையை உயர்த்திக் காட்டிவிட்டு வெளியே நடந்தான்.

ரினே கேலப்பின் கையைப் பிடித்துக்கொண்டு கதவருகே நின்றாள். 'பலகையை நாங்க எடுத்துக்கறோம்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். டுவேன் போனைக் காதில் வைத்தபடியே அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பிறகு அவளும் வெளியே வந்துவிட்டாள்.

ஏரி காலையில் கல்லாகத்தான் இருந்தது. படகு இறக்குகிற சரிவில் வண்டி இறங்கியபோது பனிக்கட்டி முனகக்கூட இல்லை. குளிர்காலம் முழுக்க வண்டிகள் ஓடிய தடம் ஏரி நடுவை நோக்கிப் போயிற்று. அரை மைல் உள்ளே போய் வீட்டை இறக்கினார்கள். கோரி துளை போட்டான். பிரென்னா கட்டிலில் குப்புறப் படுத்து, சொன்னபடியே, படுத்துக்கொண்டே தூண்டில் போட்டாள். கேலப் முதல் மீனைப் பிடித்தான். உள்ளங்கை அகல மஞ்சள் பெர்ச். அதற்கு அவன் யானை என்று பெயர் வைத்தான். அதைப் பொரிக்கக் கூடாது என்று அழுததால் வாளியில் நீந்த விட்டு, மற்ற ஆறையும் வெண்ணெயில் பொரித்தார்கள்.

"ஃப்ளோரிடால இது கிடைக்குமா?" என்று கோரி கேட்டான்.

"கிடைக்காதுப்பா. அங்க முதலைதான் இருக்கு," என்றாள் பிரென்னா.

ரினே சிரித்தாள். ஆனால் ஜன்னலை விட்டு அவள் கண் நகரவில்லை. வண்டித் தடம் மற்ற இடத்தைவிடக் கறுத்திருந்தது. டயர்கள் கொண்டுவந்த மண்ணும் அழுக்கும் வெயிலைக் குடிக்கும். பத்து மணிக்கு அந்தக் கறுப்பில் பளபளப்பு தெரிந்தது. அவர்களைத் தவிர ஏரியில் நின்ற ஒரே ஒரு மீன்வீட்டுக்காரர் அப்போதுதான் தன் வீட்டை வண்டியில் மாட்டினார். அவர்களைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்தார். ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கினார். போய்விட்டார்.

பதினொன்றரைக்கு, வண்டிக்குப் பின்னால் நின்றபோது ரினேயின் கன்னத்தில் காற்று பட்டது. வெதுவெதுப்பான காற்று. தெற்கேயிருந்து, அதாவது அவர்கள் இறங்கி வந்த கரையிலிருந்து, ஏரி நடுவை நோக்கி அடித்தது.

"கொஞ்சம் நடந்துட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுக் கரை வரைக்கும் போனாள். கரைக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே தண்ணீர் தெரிந்தது. ஒரு எட்டில் தாண்டிவிடலாம்.

"கரையில தண்ணி தெரியுது கோரி."

"தெரியும். ஓரம்தான எப்பவும் முதல்ல விடும். ராத்திரி உறைஞ்சிடும். நாமதான் வியாழக்கிழமை காலையில போறமே."

அவன் சொன்னதில் தப்பில்லை. பதினைந்து வருடமாக இந்த ஏரியில் இருக்கிறவன். ரினே தட்டுகளைக் கழுவினாள். ஆனால் காற்று நிற்கவில்லை. இரண்டரை மணிக்கு மறுபடி கதவைத் திறந்து பார்த்தாள். அங்கிருந்தே கரையோரம் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. காலையில் அங்கே கோடு இல்லை.

"நான் பிள்ளைங்கள கூட்டிட்டுக் கரைக்குப் போறேன்."

கோரி தூண்டிலிலிருந்து தலையைத் தூக்கினான். "எதுக்கு?"

"காத்து ஐஸைத் தள்ளுது."

"நாலு மணிக்குத்தான் மீன் நல்லா கடிக்கும். பிரென்னா ஆசையா இருக்கா. ஒரு நாள்கூட முழுசா ஆகல, அதுக்குள்ள..." குரல் தணிந்தது. "இதையாவது அவங்களுக்குச் செய்ய விடேன் ரினே."

அந்தக் கடைசி வாக்கியம் அவளைக் கிட்டத்தட்ட உட்காரவைத்துவிட்டது. வேலையில்லாமல் வாசலில் நிற்கிற லாரியும், வரிசையில் சிரித்த பெண்ணும், இவன் முகமும் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்தன. இவன் மனம் நோகக் கூடாது என்று எத்தனை வருடம் எத்தனை வார்த்தையை விழுங்கியிருக்கிறாள்! இதையும் விழுங்கிவிடலாம். பிள்ளைகள் அந்தப் பக்கம் வாளி மீனுக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தன.

"பூட்ஸை மாட்டுங்க," என்றாள் அவர்களிடம்.

"போ அப்ப," என்றான் கோரி. "போய்ப் பாத்துட்டு வா. நான் வரல."

மீன் சாமான் இழுக்கிற பெரிய பிளாஸ்டிக் சறுக்குத்தொட்டியில் இருவரையும் உட்காரவைத்தாள். ஆழமான கறுப்புத் தொட்டி, கிட்டத்தட்ட ஓர் ஆள் நீளம். கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தாள். வண்டித் தடத்தை விட்டு விலகி, வெள்ளையாக இருந்த பக்கமாகவே நடந்தாள். பனிக்கட்டி மேல் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. கேலப் தன்னைக் குதிரைவண்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு "ஹே, ஹே" என்று அவளை விரட்டினான்.

கரையை நெருங்கியபோது நின்றாள். நடுவே பன்னிரண்டடித் தண்ணீர். கறுத்த தண்ணீர், காற்றில் சின்னச் சின்ன அலை. படகு இறக்குவதற்காகத் தோண்டிய இடம் அது. கரையை விட்டதுமே ஆழம்.

திரும்பிப் பார்த்தாள். மீன்வீடு தீப்பெட்டி அளவுக்கு நின்றது. "கோரி!" என்று கத்தினாள். மூடிய கதவுக்குள் இருந்தவனுக்கு அது எட்டவில்லை. திரும்ப அரை மைல் போய் அவனைக் கூப்பிட்டு வந்தால் இது இருபதடி ஆகியிருக்கும்.

"அம்மா, நாம குதிக்கணுமா?" என்றாள் பிரென்னா. அவள் குரலில் விளையாட்டு போயிருந்தது.

"இரு கண்ணு. யோசிக்கிறேன்."

தூக்கிக்கொண்டு இறங்கினால் ஒரு தடவைக்கு ஒரு பிள்ளைதான். கேலப்பை முதலில் கொண்டுபோனால், அவனைத் தண்ணீரோரம் தனியாக விட்டுத் திரும்ப வேண்டும். அவள் பின்னாலேயே இறங்கிவிடுவான். பிரென்னாவை முதலில் கொண்டுபோனால் கேலப் பனிக்கட்டி விளிம்பில் தனியாக நிற்பான். அவன் ஒரு இடத்தில் நின்றதாகச் சரித்திரமே இல்லை. ஆணியில் தொங்குகிற மிதவைச் சட்டைகள் ஞாபகம் வந்தன.

கயிறு கையில் கனத்தது. அப்போதுதான் தொட்டியைப் பார்த்தாள். ஓட்டையில்லாத தொட்டி. கோடையில் பிள்ளைகள் அதில் தண்ணீர் நிரப்பிக் குளிப்பார்கள். உள்ளே விட்ட தண்ணீர் வெளியே போகாதென்றால், வெளியே இருக்கிற தண்ணீரும் உள்ளே வராது, மிதக்குமே.

"ரெண்டு பேரும் மல்லாந்து படுங்க. பிரென்னா, தம்பியை உன் மேல போட்டு இறுக்கிப் பிடி. அவன் எழுந்தான்னா கடிச்சு வை."

"நிஜமா கடிக்கலாமா?"

"நிஜமா."

"அம்மா! அவ கடிப்பாம்மா!" என்று அலறினான் கேலப்.

"அப்ப எழுந்திருக்காத."

விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டாள். தரை தட்டும் என்று நினைத்தாள். தட்டுவதற்குள் விளிம்பு உடைந்து, மார்பு வரைக்கும் உள்ளே போனாள். மூச்சு நின்றது. விலாவை யாரோ இரண்டு கையாலும் நெரிப்பதுபோல் இருந்தது. கால் வழவழப்பான சிமெண்டில் பட்டது. பட்டதும் நிமிர்ந்தாள். தொட்டியின் மூக்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். அது பனிக்கட்டியிலிருந்து வழுக்கி, ஒரு பக்கம் சாய்ந்து, கையளவு தண்ணீரை வாங்கிக்கொண்டு, மிதந்தது.

பிள்ளைகள் கத்தவில்லை. அதுதான் அவளுக்கு ரொம்பப் பயமாக இருந்தது. பிரென்னா வானத்தைப் பார்த்தபடி, தம்பியின் கோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். ரினே ஒவ்வொரு அடியாகப் பின்பக்கமாக நடந்தாள். பதினேழு என்று பிரென்னா சத்தமாகச் சொன்னபோது தொட்டியின் அடி சரளைக்கல்லில் உரசியது.

பிள்ளைகளைச் சாலை வரைக்கும் ஏற்றி உட்காரவைத்துவிட்டுத் திரும்பினாள். கோரி ஓடி வந்துகொண்டிருந்தான். கதவைத் திறந்து பார்த்திருப்பான் போலும். விளிம்புக்கு வந்தவன் தண்ணீரைப் பார்த்தான். இடைவெளி இப்போது இன்னும் அகலம். எதிர்க்கரையில் மார்பு வரை நனைந்து நின்ற மனைவியைப் பார்த்தான். அவனும் இறங்கிக் கரையேறினான். வண்டியும் வீடும் வாளி மீனும் ஏரி மேலேயே நின்றன.

ஐந்து நிமிடத்தில் தபால் வண்டி வந்தது. அந்தப் பாதையில் இருபது வருடமாகத் தபால் போடுகிற வெர்னா அம்மாள் பிரேக் போட்டு நிறுத்தி, கண்ணாடியை இறக்கினாள்.

"என்னம்மா இது? ஏறுங்க, ஏறுங்க. கடுதாசி மேல உக்காந்தாலும் பரவாயில்ல."

ஹீட்டரை முழுவதும் திருகிவிட்டாள். ரினேக்குப் பல் தந்தியடித்தது. கேலப்பைக் கோட்டுக்குள் வைத்து அணைத்திருந்தாள். முன்னால் உட்கார்ந்த கோரி கையைத் தேய்த்துக்கொண்டே சிரிக்கப் பார்த்தான்.

"கொஞ்சம் நனைஞ்சுட்டோம் வெர்னா. பாத்தீங்களா, காசு கொடுத்து ஃப்ளோரிடா போய் நனையறாங்க. நாங்க எட்டு மைல்லயே நனைஞ்சாச்சு."

"அடப் பாவமே," என்று வெர்னா சிரித்தாள். "நல்ல கதைதான் போ."

அடுத்து என்ன நடக்கும் என்று ரினேக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக் காப்பிக் கூட்டத்தில் கோரி இதைச் சொல்வான். கடிக்கலாமா என்று பிரென்னா கேட்டதைச் சொல்வான். எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அடுத்த வருடம் இதே மாதம் மீன்வீட்டை மறுபடி வண்டியில் மாட்டுவான்.

"கதை இல்ல," என்றாள் ரினே.

வெர்னா கண்ணாடியில் அவளைப் பார்த்தாள்.

"என் பிள்ளைங்க ரெண்டு பேரும் இன்னிக்குச் செத்திருப்பாங்க." பல் அடித்துக்கொண்டதால் வார்த்தை உடைந்து உடைந்து வந்தது. நிறுத்தவில்லை. "காலையில இருந்து எனக்குத் தெரியும். நான் அப்பவே சொல்லல. அது என் தப்பு. தெரிஞ்சுக்க நீயும் பாக்கல. அது உன் தப்பு. இதை யாருகிட்டயும் சிரிப்பா சொல்லாத கோரி."

வெளியாள் முன்னால் இப்படிப் பேசுகிற பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் இல்லை. வெர்னாவின் காது சிவந்துவிட்டது. கோரி முன்கண்ணாடியையே பார்த்தான். ஈரக் கையுறையிலிருந்து சொட்டிய தண்ணீர் யாருக்கோ வந்த மின்சாரக் கட்டணச் சீட்டில் விழுந்து பரவியது.

சாலை பிரிகிற இடம் வந்தது. "எங்க விடட்டும்?" என்று வெர்னா மெதுவாகக் கேட்டாள்.

"டுவேன் கடைக்கு," என்றான் கோரி. "நாலு பேரைச் சேத்துக்கிட்டுப் போனா, இருட்டறதுக்குள்ள வண்டியை..."

"வீட்டுக்கு," என்றாள் ரினே.

"ரினே, அந்த வண்டி உள்ள போயிட்டா நாம..."

"போகட்டும். நீயும் வீட்டுக்கு வர."

வெர்னா யார் சொன்னதையும் கேட்காதவள்போல இண்டிகேட்டரைப் போடாமல் காத்திருந்தாள். எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து பிரென்னா அப்பாவின் தோளைத் தொட்டாள். தம்பியின் கோட்டை இறுக்கிப் பிடித்த விரல்கள் இன்னும் மடங்கியே இருந்தன. கோரி திரும்பி அந்தக் கையைப் பார்த்தான். காலையிலிருந்து எதையுமே பாராதவன் அதை ரொம்ப நேரம் பார்த்தான்.

"வீட்டுக்கு," என்று அவனும் சொன்னான்.